துரைக்கு ஒரு துணை

சின்ன நாய்கள் என்றாலே எனக்கு ஆகாது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. அது உண்மையில்லை. பட்டாணியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான்.

நேற்றே என்னை விசாரித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டீர்கள். நடந்தது விபத்து, பெரிய நாய் சொல் கேட்கவில்லை, பாவம் மனுஷன் பெண்டாட்டியைக் காப்பாற்றத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறான் என்று முடிவும் கட்டிவிட்டீர்கள். நானாகவே திரும்பி வந்து உட்கார்ந்திருப்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். உங்கள் முடிவில் ஒரு தப்பு இருக்கிறது. அதை அப்படியே விட எனக்கு மனசு வரவில்லை. மொழிபெயர்க்கிற இந்த அம்மா தமிழ்க்காரர் என்பது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. அவருக்கு நான் சொல்ல வருவது புரியும். அவர் உங்களுக்குச் சொல்லட்டும்.

என் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. கரண்ட் போனால் லிஃப்ட் அப்படியே கீழே போய்விடும் என்று ஜனங்கள் பயப்படுகிறார்கள். லிஃப்டின் பிரேக் எப்போதும் பிடித்தபடியேதான் இருக்கும். கரண்ட் வந்தால் விடும், கரண்ட் போன மறுகணம் கவ்விக்கொள்ளும். பிடிப்பது அதன் சுபாவம், விடுவதற்குத்தான் உத்தரவு வேண்டும். அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். துரையையும் அப்படித்தான் வளர்த்தேன்.

துரை என் இடுப்பு உயரம் இருப்பான். குட்டியாக வந்தபோதே தமிழில்தான் பழக்கினேன். இந்த நாட்டில் வேறு யாரும் அவனை ஏவ முடியாது, பாருங்கள். 'பிடி' என்றால் பிடிப்பான். 'விட்டுடா' என்று சொன்னால்தான் விடுவான். அதட்டமாட்டேன். வீட்டுப் பிள்ளையிடம் சொல்கிற மாதிரிதான் சொல்வேன்.

கல்யாணம் ஆகி அவள் இங்கே வந்தபோது இந்த ஊர் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. வாயிருந்தும் ஊமை. அதனால் நான் வேலைக்குக் கிளம்பும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவேன். நேற்று இதைச் சொன்னபோது உங்கள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. யாராவது வந்து கதவைத் தட்டினால் அவள் என்ன சொல்லுவாள், சொல்லுங்கள். அவள் நல்லதுக்குத்தான் பூட்டினேன். துரை துணைக்கு இருந்தான்.

ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள். "என்னங்க, துரையைப் பார்த்தா பாவமா இருக்கு. நீங்க போனதுலேருந்து கதவையே பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கான். அவனுக்குத் துணையா சின்னதா இன்னொரு நாய் இருந்தா நல்லாருக்கும்."

"நீதான் இருக்கியே," என்றேன்.

"நான் இருக்கேன். எனக்குத்தான் தெரியுதே," என்றாள்.

நாயைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு நான் வெள்ளந்தி.

நாய்க் காப்பகத்துக்குத் துரையோடு மூன்று பேருமாகப் போனோம். ஈரத் தரை, வரிசையாகக் கூண்டுகள், காதைப் பிளக்கிற குரைப்பு. கடைசிக் கூண்டில் ஒன்று மட்டும் சத்தம் போடாமல் சுருண்டு கிடந்தது. ஒரு காது பாதிதான் இருந்தது. துரை மூக்கை நீட்டி மோந்தான். அது எழுந்து வந்து, தயங்காமல் அவன் மூக்கை நக்கியது. இந்த மலை மாதிரி நாய் தொப்பென்று தரையில் படுத்துவிட்டது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பட்டாணி என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டாள்.

காப்பகத்துப் பெண்மணி ஒரு நிபந்தனை போட்டாள். சின்ன நாய்க்கு மூத்திரப்பை சின்னது, பெரிய நாய் மாதிரி சாயங்காலம் வரை அடக்காது, பகலில் வெளியே கூட்டிப்போக ஆள் வேண்டும் என்றாள். நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. பகலில் வெளியே போக வேண்டுமானால் அவள் கையில் சாவி இருக்க வேண்டும். ஒரு நாயின் மூத்திரத்துக்காக என் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

நாய் பேர் என்ன, வயசு என்ன, கடிக்குமா. பூங்காவில் எல்லோரும் கேட்கிற இந்த மூன்று கேள்வியை வைத்துக்கொண்டே ஒருத்தி ஒரு பாஷையைப் பிடித்துவிட முடியும் என்று எனக்குத் தெரியாது. நான் இத்தனை வருஷமாக வேலைக்கு வேண்டிய அளவுக்குமேல் கற்கவில்லை. அவள் கடைக்காரனிடம் வேடிக்கை பேசினாள். ஒரு பல் டாக்டரிடம் உதவியாளாக இருக்கிற பெண் சிநேகமானாள். அப்புறம் காலை வேளையில் ரொட்டிக் கடையில் வேலை. நான் வேலை முடிந்து கதவைத் திறந்தால் முன்பெல்லாம் துரை பாய்ந்து வருவான். இப்போது மூன்று பேரும் சோபாவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தபடி தலையை மட்டும் திருப்பிப் பார்ப்பார்கள். அது வலித்தது. வலித்ததைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவள்மேல் கை நீட்டியதில்லை என்று சொல்லமாட்டேன். பேச்சு வளர்ந்தால் ஒரு அறை, மணிக்கட்டைப் பிடித்து ஒரு முறுக்கு, அவ்வளவுதான். எந்த வீட்டில் இல்லை. ஒரு தடவை அப்படிப் பிடித்திருந்தபோது பட்டாணி என் கெண்டைக்காலைக் கவ்வியது. முளைத்து மூணு இலை விடாதது. உதறினேன். சுவரில் போய் மோதி, முன்னங்கால் முறிந்தது. வேலைக்குப் போடுகிற பூட்ஸை நான் கழற்றியிருக்கவில்லை, அதனால்தான்.

அப்போது துரை எழுந்து வந்து எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றான். என்னைப் பார்த்து உறுமினான்.

நான் என் கையால் சோறு போட்டு வளர்த்த நாய், ஐயா. மோட்டார் பழுதானால் மனுஷன் பதறாமல் கழற்றிப் பார்க்கிறான் அல்லவா, நானும் பதறவில்லை. லீவு நாட்களில் அவனை மட்டும் கூட்டிக்கொண்டு, நான் பார்க்கிற ஒரு கட்டிடத்தின் மொட்டை மாடிக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே லிஃப்டின் மோட்டார் அறைக்கு என்னிடம் சாவி உண்டு. இரும்புக் கதவு. என்ன சத்தம் போட்டாலும் கீழே கேட்காது. நாய்களுக்கு விரித்துக்கொள்ளட்டும் என்று அவள் தன் பழைய நீலக் கோட்டைக் கொடுத்திருந்தாள். அதில் துடைக்கிற துணிகளை அடைத்து, மோட்டாரைத் தூக்குகிற கொக்கியில் தொங்கவிட்டேன்.

முதல் நாள் மோந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டினான். அவளுடைய வாசனை. முள் வைத்த சங்கிலியைக் கழுத்தில் மாட்டினேன். பட்டினி போட்டேன். பிடிக்க மறுத்தபோதெல்லாம் சங்கிலியை இழுத்தேன், தோல் பிய்ந்த இடத்துக்கு நானே மருந்தும் போட்டேன். சில வாரத்தில் வழிக்கு வந்தான். 'பிடி' என்றால் கோட்டின் காலர், வேறு எங்கேயும் இல்லை. புதிதாக ஒரு சொல்லும் கற்றுக்கொடுத்தேன். கோட்டு கிழிந்து துணியெல்லாம் கொட்டும்வரை பிடிக்கப் பழகினான். கடைசியில் அவனுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. எதற்காக இதெல்லாம் என்று கேட்பீர்கள். நாய்க்கு ஒழுக்கம் வேண்டும் என்பதைத் தவிர அப்போது என் மனசில் எதுவும் இல்லை.

அவள் புதிதாக வாங்கியதும் நீலக் கோட்டுத்தான். அவளுக்கு நீலம் என்றால் உயிர்.

அன்றைக்கு நான் மதியமே வீட்டுக்கு வந்தேன். அவள் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். தோளில் ஒரு பை, இடது கையில் கட்டுப் போட்ட காலோடு பட்டாணி, வலது கையில் துரையின் வார்.

"நான் போறேங்க. அந்தப் பல் டாக்டர்கிட்ட வேலை பார்க்கிற பொண்ணு ஒரு அறை குடுத்திருக்கா," என்றாள்.

"போ," என்றேன். நான் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். "துரையை விட்டுட்டுப் போ."

"அவனும் வரான். ரெண்டு பேரையும் பிரிக்க முடியாதுங்க. அவன் கழுத்தைப் பார்த்தேன். என்ன பண்ணீங்க அவனை?"

"அவன் என் நாய்."

"என் பேச்சும் கேப்பான்," என்றாள்.

லிஃப்டுக்கு முன்னால் போய் நின்று பொத்தானை அழுத்தினாள். நான் எங்கள் வாசற்படியைத் தாண்டவே இல்லை. யார் பேச்சைக் கேட்பான் என்று அவனே சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன். ஒரே ஒரு தடவை, சாதாரணக் குரலில், "பிடி" என்றேன்.

பிடித்தான். வாலை ஆட்டிக்கொண்டுதான் பிடித்தான். அவள் மல்லாக்க விழுந்தாள். பட்டாணி கையிலிருந்து உருண்டு போய்க் குரைக்க ஆரம்பித்தது. கோட்டில் அடைத்த துணிக்கும் கழுத்துக்கும் வித்தியாசம் துரைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எதிர்வீட்டுக் கதவில் இருக்கிற கேமரா எங்களைக் காட்டவில்லை, சத்தத்தை மட்டும் பிடித்திருக்கிறது என்றீர்கள். அதில் முதலில் கேட்பது அவள் குரல். "விட்டுடா, துரை. விட்டுடா, கண்ணா." அவள் என் மாதிரியேதான் சொன்னாள். அவன் தாடை தளர்ந்ததை நான் பார்த்தேன். அவள் பேச்சையும் கேட்பான் என்று அவள் சொன்னது உண்மைதான். தளர்த்திவிட்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். நான் என்ன சொல்கிறேன் என்று காத்திருந்தான்.

அடுத்து கேட்பது என் குரல். நானும் "விட்டுடா" என்று கத்தியதாக இந்த அம்மா உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவர்மேல் குற்றமில்லை. என் சொல்லின் கடைசி எழுத்தைப் பட்டாணியின் குரைப்பு விழுங்கிவிட்டது. அந்தப் பொடிசு என்னைக் காப்பாற்றிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். நான் மோட்டார் அறையில் கற்றுக்கொடுத்த சொல் அது. இன்னொரு தடவை போட்டுக் கேளுங்கள், அம்மா. நான் சொன்னது 'விட்டுடா' இல்லை. 'விட்டுடாத.'

லிஃப்ட் வந்து, கதவு திறந்து, யாரும் ஏறாததால் தானாக மூடிக்கொண்டது. அவள் கால் அசைவது நின்ற பிறகு "விட்டுடா" என்றேன். உடனே விட்டான்.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள், அம்மா. ஐயாவுக்கு வித்தியாசத்தைச் சொல்லுங்கள். ஒரு 'த'தான்.

சொன்ன சொல் கேட்காத நாய் என்று துரைக்கு ஊசி போட்டு முடித்துவிடப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதற்காகத்தான் வந்தேன். அந்த வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்டது அவன் ஒருத்தன்தான். அவன்மேல் இந்தப் பழி விழக்கூடாது. என்மேல் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் அவளைத் தொடக்கூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இரண்டையும் வேறு வேறு கூண்டில் அடைத்திருக்கிறீர்களாம். துரை ஒன்றும் சாப்பிடாமல் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறானாம். பட்டாணியை அவனோடு விடுங்கள், ஐயா. வாயில்லா ஜீவனைத் தனியாகப் பூட்டிவைப்பது பாவம்.