எலுமிச்சை பிழிந்த மட்டி

கடல் மட்டி வாங்குவதென்றால் வெயில் ஏறுமுன் அன்ஃபூஷி மீன் கடைத்தெருவுக்குப் போய்விட வேண்டும், ஐயா. அன்றைக்கும் நல்லதாகப் பார்த்துத்தான் வாங்கினேன். விஷம் எதுவும் கலக்கவில்லை. தட்டைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறீர்களாம். அனுப்புங்கள்.

செத்துப்போன ரஷ்வான் என் அக்கா சுஹைரின் கணவர். அக்கா ராவ்யாவைப் பெற்றுப் படுத்திருந்தபோது உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. நான் அப்போது தூரத்தில், அஸ்வானில் வேலையில் இருந்தேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க மச்சான்" என்று போனில் கெஞ்சினேன்.

"பிள்ளை பெத்தவளுக்குக் காய்ச்சல் வராம இருக்குமா? காலையில தானா இறங்கிடும். நீ சும்மா ஊரைக் கூட்டாதே" என்றார். காலையில் அக்கா இல்லை. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது.

கிருமிகளைப் பற்றி எனக்குத் தெரியும். சோதனைக்கூடத்தில் அவற்றை வளர்ப்பதுதான் என் வேலை. அவற்றுக்கும் இரும்பு வேண்டும், ஐயா. நம் உடம்பு அதை நகை மாதிரிப் பூட்டி வைக்கும். கிருமி கொக்கி போல ஒன்றைச் சுரந்து பிடுங்கப் பார்க்கும். முடியாதவை பட்டினியில் சாகும். ரஷ்வானுக்கோ ஈரல் கெட்டு, உடம்பெல்லாம் இரும்பு தேங்கிய வியாதி. அவரிடம் எல்லாம் திறந்து கிடந்தது. கடல் கிருமிக்கு அந்த உடம்பு கல்யாண விருந்து, வேகவைக்காத பச்சை மட்டியைத் தொடவே கூடாது என்று டாக்டர் எச்சரித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

அவர் டாக்டரை நம்பவில்லை. நம் ஊர்க்காரர்களைப் போல எலுமிச்சையை நம்பினார். "எலுமிச்சை பிழிஞ்சா எந்தக் கிருமி உசிரோட இருக்கும்? இவ்வளவு படிச்சும் பயந்தாங்கொள்ளியா இருக்கியே புள்ள" என்று கேலி செய்வார். வெள்ளிக்கிழமைகளில் ராவ்யாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவரைப் பச்சை மட்டி தின்னவிடாமல் நான்தான் தடுத்துவந்தேன்.

போன மாதம் ராவ்யாவுக்குக் காய்ச்சல் கண்டது. "காலையில தானா இறங்கிடும்" என்றார், அதே வாயால். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், பிழைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மட்டி வாங்கினேன்.

வேகவைக்காமல் பச்சையாகவே சீரகம் தூவி, அவர் ஆசைப்படி எலுமிச்சையைத் தாராளமாகவே பிழிந்தேன். "இப்பத்தான் வழிக்கு வந்தே" என்று இன்னொரு தட்டு கேட்டார். கொடுத்தேன்.

மறுநாள் உடம்பு கொதித்தது. கால் கறுத்துக் கொப்புளங்கள் கிளம்பின. "ஆஸ்பத்திரிக்குப் போன் போடு, இன்ஷிராஹ்" என்றார்.

நெற்றியில் ஈரத்துணி போட்டேன். "காலையில தானா இறங்கிடும் மச்சான்" என்றேன். என்னையே பார்த்தார். புரிந்துகொண்டார். எனக்கு மனசு நிறைந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், மறக்கவில்லை. போன் என் மடியில்தான் இருந்தது. பழிவாங்கும் எண்ணம் மட்டும் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.