பீப்பாயும் பூட்டிய கேட்டும்

காலை எட்டேகாலுக்கு, நீடாமங்கலம் தாண்டியதும், ரயில்பாதைக்கு அடியில் புதிதாக வெட்டிய சுரங்கப்பாதையில் தண்ணீரைக் கண்டு எங்கள் பேருந்து நின்றது. என் மகள் உட்பட பேருந்தில் இருந்த பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து மணிக்குப் பொதுத்தேர்வு. பக்கத்திலேயே பழைய ரயில்வே கேட் பூட்டிக் கிடந்தது.

செல்போனைப் பார்த்தபடி ஓர் இளைஞன் சொன்னான்: “டனல்ங்கிறது பழைய பிரெஞ்சுல பீப்பாயாம். அப்புறம் பறவை புடிக்கிற நீள வலைக்கும் அதான் பேராம்.”

சீருடையில் இருந்த தன் மகளை அழைத்துக்கொண்டு இறங்கிய ஒரு பெண் திரும்பினாள். “தெரிஞ்சுதான் பேர் வெச்சிருக்கான் தம்பி. வடிகால விடத் தாழ்வா பள்ளம் வெட்டுனா முதல்ல தண்ணிதானே போகும்? வெட்டும்போதே சொன்னேன்.”

“திரும்பிச் சுத்திப் போனா பத்தரைக்கு விட்டுடுவோம்மா,” என்றார் நடத்துனர்.

“பரீட்சை பத்துக்கு.” பேருந்து திரும்ப முடியாதபடி அவள் அதன் பின்னால் சாலையில் உட்கார்ந்தாள். “பஸ் இந்தக் கேட் வழியாத்தான் போகும்.”

“எந்திரிங்கம்மா. கேட்டைத் திறக்க ஆர்டர் வேணும்.”

“பள்ளம் வெட்ட ஆர்டர் குடுத்தவர வரச்சொல்லுங்க. அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.”

ஒன்பது மணிக்குத் தண்டவாளம் பார்த்துவரும் ரயில்வே ஊழியர் நடந்து வந்தார். அவளையும் பிள்ளைகளையும் பார்த்தார். போனில் ஸ்டேஷனைக் கேட்டார்.

“ரயில் வர நேரமிருக்கு. ஆர்டர் இல்லம்மா,” என்றார். “சாவி இருக்கு.”