பைரிக்கு வச்ச கேமரா

இல்ல தம்பி, கேமரா காத்துல திரும்பியிருக்கும். எட்டாவது மாடியாச்சே, கடல் காத்து மூஞ்சிலயே அறையும். என்னது, ஸ்க்ரூவ லூஸ் பண்ணித் திருப்புன மாதிரி இருக்கா? அப்ப காக்காவா இருக்கும். சரி சரி, சிரிக்காதீங்க. மொதல்ல டீய குடிங்க, சிதம்பரத்துலேர்ந்து பஸ்ஸுல நசுங்கி வந்திருக்கீங்க.

நான் ஒன்னும் இந்தப் பைரி வல்லூறுக்கு எதிரியில்ல. கடலூர்ல எம்மாம் பில்டிங் இருக்கு, அதுக்கு எங்க பால்கனி சன்ஷேடுதான் புடிச்சிருக்கு. முட்ட வுட்ட நாள்லேர்ந்து பிரசவத்துக்கு வந்த தங்கச்சி மாதிரிதான் பாத்துக்கறேன். ஆனா அது திங்கறது இருக்கே, அல்லாவே! மேலேர்ந்து ராக்கெட்டாட்டம் எறங்கி புறாவ அடிச்சிடுது. நேத்து ஒரு தல நேரா என் வத்தல் தட்டுல வந்து உழுவுது. கீழ் வீட்டு பழனிவேல் அண்ணன் ரெக்கைய கையில புடிச்சிக்கிட்டு, நஜியா, இது என் கர்ணப் புறாவாச்சேன்னு அழுவறாரு. என்ன பண்றது, பிரியாணி குடுத்து அனுப்பிச்சேன். கோழி பிரியாணிதான் தம்பி, கோழி!

ஆமா, பாதி படத்துல என் கொடிக்கயிறுதான் தெரியுதுன்னு யூடியூப் லைவ்ல ஜனங்க திட்டறாங்க. தெரியும், நானும் கமென்ட்டு படிக்கறவதான். போன வாரம் மஸ்கட்லேர்ந்து கிபாயத்துல்லான்னு ஒருத்தரு, பைரி நல்லாருக்கு, ஓரத்துல துணி காயப்போடுற அம்மாவ ரெண்டு நாளா காணமே, ஒடம்பு சரியில்லையான்னு கேட்டிருந்தாரு. அதுக்கு உங்க பறவைச் சங்கத்து செம்பியன் சாரு, மன்னிக்கவும், அவர் நம்ம கண்காணிப்பில் இல்லைன்னு பதில் போட்டாரு பாருங்க! காய்ச்சலோட படுத்திருந்தேன், சிரிச்சி சிரிச்சி இருமல் ஜாஸ்தியாயிடுச்சி.

எந்திரிச்சதும் மொத வேலையா கேமராவ என் பக்கம் திருப்பி வச்சேன். ஆமா, நாந்தான். காக்காவ வுட்டுடுங்க, பாவம்.

கிபாயத்துல்லா யாரா? எங்க ஊட்டுக்காரரு. பெருநாளைக்கு வரேன்னு சொல்லிட்டு கான்ட்ராக்ட்ட நீட்டிக்கிட்டாரு. அன்னையிலேர்ந்து நான் ஃபோன எடுக்கறதில்ல. இன்னமும் எடுக்கப்போறதில்ல, அது வேற.

நீங்க பைரி பக்கமே நல்லா திருப்புங்க. குஞ்சு பொரிக்கற நேரம், ஊரே பாக்கணும். கொடிக்கயிறு மட்டும் ஓரமா கொஞ்சம் தெரியட்டும்.

இருங்க இருங்க, அதுக்குள்ள ஆன் பண்ணாதீங்க. இந்த நைட்டிய மாத்திக்கிட்டு வந்துடறேன்.