பினாங்கு மச்சான் வரலாமா

சித்தூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும்.

"உன் மக நிக்காவுக்கு மச்சானை வரவேண்டாம்னு எழுதிடு," என்றார் அண்ணன். பினாங்கில் கடை வைத்திருக்கும் அவள் கணவனைச் சொன்னார்.

"பெத்த அத்தா இல்லாமலா?"

"இங்க அவருக்குன்னு ஊடு தொறந்து குடித்தனம் நடக்குதுல்ல. ஒருநாள் வந்து போனாலும் பினாங்கு வருமானத்துக்கும் இங்க வரி போடுவாங்கன்னு வக்கீல் சொல்றாரு. சட்டத்தை மாத்தப் போறாங்களாம். அதுவரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

பையின் காதை அவள் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"குடித்தனம் நடந்தாத்தானே வரி? நிக்காவைத் தள்ளி வெப்போம். வருசம் பூரா ஊட்டைப் பூட்டிட்டு, பிள்ளைகளோட உங்க ஊட்டுக்கே வந்துடறேன் அண்ணே. அப்புறம் அவங்க வரட்டும்."

அவள், பிள்ளைகள், ஒரு வருசச் சாப்பாடு என்று அண்ணன் விரல்விட்டுக் கணக்குப் போட்டார்.

"இப்பவே வரச்சொல்லு," என்றார். "வரிதானே, கட்டிக்கலாம்."