ஒத்தை மணிக்கு நின்ற கால்

பூமிக்கு மேலே இருந்த ஊரைவிட, பூமிக்குக் கீழே இருந்த ஊர் பெரிசாக இருந்த காலம் அது. காசில் ராணியின் தலை இருந்த காலம். கோலார்ப் பக்கம் மல்லிப்பாறை என்று ஓர் ஊர் இருந்ததாம். அங்கே ஒரு தங்கச் சுரங்கம். அதில் தனக்கோட்டி, தனக்கோட்டி என்று ஒருத்தன் பாறை உடைத்தானாம். குடியாத்தத்திலிருந்து அண்ணன் இருசப்பனோடு நடந்தே வந்தவன்.

சுரங்கத்தில் இறங்க ஏணி. ஏறவும் ஏணி. அறுநூற்றுப் பன்னிரண்டு படி. இரும்புக் கூண்டு ஒன்று உண்டு. அதில் கல் ஏறும், துரை ஏறுவார், துரையின் நாய் ஏறும். கூலி ஏறக்கூடாது. நாள் முழுக்கப் பாறையோடு மல்லுக்கட்டிவிட்டு அந்தப் படியெல்லாம் ஏற வேண்டும். அதில் என்ன பெரிய கஷ்டம் என்கிறவன் ஒருநாள் ஏறிப் பார்க்கட்டும், அப்புறம் பேசுவோம்.

இருசப்பனுக்கு நெஞ்சுக்குள் பாறைத்தூள் இறங்கிவிட்டது. நானூறாம் படிக்குமேல் மூச்சு வராது. தனக்கோட்டி கீழே நின்று, அண்ணனின் பாதத்தைத் தன் தோளில் வாங்கி, படிபடியாக மேலே தள்ளுவானாம். "விட்டுட்றா தம்பி, நான் இங்கயே குந்திக்கிறேன்" என்பானாம் அண்ணன். "குந்துனா உன் மேல ஏறிப் போயிடுவேன், நட" என்பானாம் தம்பி. தள்ளித் தள்ளித் தனக்கோட்டியின் தொடை தேக்குக்கட்டை மாதிரி ஆனதாம்.

ஒருநாள் விடியற்காலை வெளியே வருகிறான். எங்கும் பனி. மலையும் இல்லை, மரமும் இல்லை, வெள்ளை மட்டும்தான். அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஏதோ உருண்டு வந்து காலில் பட்டது. இருட்டில் கல்லைக் காலால் தடவிப் பழகினவன் அவன், கண்ணைவிடக் காலுக்கு விவரம் அதிகம். இது கல் இல்லை, தோல், உள்ளே காற்று என்று கால் சொன்னதாம். ஓர் எத்து எத்தினான். பந்து பனிக்குள் போச்சாம். போச்சு, போச்சு, எஞ்சின் வீட்டுப் புகைபோக்கியைத் தாண்டிப் போச்சு. விழுந்த சத்தத்தை யாரும் கேட்கவில்லை என்பார்கள்.

பந்தைத் தேடி வந்தவர் பென்னேல் துரை. சுரங்கத்துக்குப் பெரியவர். பத்து வருஷம் இங்கே இருந்து தமிழ் பழகினவர்.

"யார் அடிச்சது?"

"என் காலுங்க."

அன்றிலிருந்து துரைமார் அணியில் முன்னால் நின்று கோல் போடுகிறவன் அவன்தான். அதற்கு முன்னால் நம் ஆள் ஒருத்தனும் அந்த இடத்தில் நின்றதில்லை. பத்துப் பேருக்கு பூட்ஸ், இவனுக்கு வெறுங்கால். பெங்களூரில் ஆடினான், மதராசில் ஆடினான். சாப்பாட்டு வேளையில் மரத்தடியில் தனியாக உட்கார வைப்பார்களாம். ஆனால் கோல் பக்கம் பந்து போனால் பத்து வாயும் "கோட்டி, கோட்டி" என்று அவனைத்தான் கூப்பிடுமாம். மூன்று வருஷம் அப்படியே போனது.

நாலாம் வருஷம் பெங்களூர்ப் பட்டாளத்தோடு கோப்பை ஆட்டம். மல்லிப்பாறைத் திடலிலேயே. ஆட்டத்துக்கு முந்தின வாரம் தனக்கோட்டி கால் வலிக்கிறது என்று படுத்துக்கொண்டானாம். துரையே கூலிக்காரர் லைன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"என்ன வேணும் கோட்டி? கம்பளிக் கோட்டா? கடிகாரமா?"

"கூண்டு வேணும். எங்க ஆளுங்க அத்தினி பேரும் கூண்டுல ஏறி வரணும்."

"கம்பெனி ஒத்துக்காது."

"அப்போ கம்பெனிய ஆடச் சொல்லுங்க."

துரை முகம் சிவந்தது. கதவு வரை போனார், திரும்பினார். "ஜெயிச்சா வாரத்தில் ஒரு நாள்."

"ஜெயிக்கிறது உங்க பாடு. நான் போடுற ஒவ்வொரு கோலுக்கும் வாரத்துல ஒரு நாள். ஆறு நாள் வேலை, ஆறு கோல்."

பட்டாளத்துக்கு எதிராக ஒரே ஆள் ரெண்டு கோலுக்கு மேல் போட்டதில்லை. துரை கணக்குப் போட்டுச் சிரித்தார். "ஏழாவது போட்டா?"

"அது உங்களுக்கு இனாம்."

கைகொடுத்தார்கள்.

ஆட்டத்தன்று சாயங்காலமே பனி இறங்கிவிட்டதாம். பாதிப் பேர் கீழே வேலையில், இருசப்பனும் கீழேதான். மீதிப் பேர் திடலைச் சுற்றி. தனக்கோட்டி பனிக்குள் போவான், காணாமல் போவான். அப்புறம் வலைப்பக்கம் ஒரு சத்தம் வரும். "திங்கள்" என்பார்களாம் சனங்கள், மெதுவாக. மறுபடி போவான். "செவ்வாய்." ஓடுகிற மாதிரியே தெரியவில்லையாம், மேகம் நகருகிற மாதிரி இருந்ததாம். புதன் வந்தது. வியாழன் வந்தது. வெள்ளியும் வந்தது.

கடைசி நிமிஷம். பந்து அவன் காலில். கோல் காக்கிறவன் விழுந்து கிடக்கிறான். முன்னால் ரெண்டு கம்பம், நடுவில் வெறும் பனி. சனிக்கிழமை அங்கே நிற்கிறது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். காலைத் தூக்கினான்.

டங்.

சுரங்க வாயில் மணி. ஒரே ஒரு தரம்.

கீழே இருக்கிறவன் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். மூணு மணி என்றால் தூக்கு. ஒத்தை மணி என்றால் நில். கூண்டு நிற்கணும், எஞ்சின் நிற்கணும், கையும் காலும் நிற்கணும். எவன் உயிர் எதில் மாட்டியிருக்கிறதோ தெரியாது. தனக்கோட்டி தூக்கின கால் தூக்கினபடி நின்றுவிட்டான். சுற்றியிருந்த சனம் அத்தனையும் மூச்சைப் பிடித்து நின்றதாம். பட்டாளத்துக்காரன் ஒருத்தன் வந்தான், இது என்னடா என்று பார்த்தான், பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். விசில் ஊதியாச்சு.

அப்புறம்தான் மூணு மணி கேட்டதாம்.

கோப்பை கிடைத்தது. துரை வாக்கு மாறவில்லை, அஞ்சு நாள் கூண்டு. சனிக்கிழமை மட்டும் ஏணி. தனக்கோட்டி கோப்பையைப் பார்க்கவே இல்லை, சுரங்க வாயில் போய் உட்கார்ந்துகொண்டான். இருசப்பன் ஏறி வந்தான், பின்னால் ஒரு ஆள் அவனைத் தள்ளிக்கொண்டு.

"தம்பி, ஒருத்தன் கால் கூண்டுக்கடியில சிக்கிக்கிச்சு. நான்தான் மணிக்கயித்த இழுத்தேன். உன் சனிக்கிழமைய நான்தான் தின்னேன்."

"தெரியும்ணா. உன் கை இழுக்கிற இழுப்பு எனக்குத் தெரியாதா?"

"அடிச்சிட்டு நின்னிருக்கலாமேடா."

"கால் கேக்கலியே. அவன் கால் இருக்குதா?"

"இருக்குது. இதோ, பின்னால நின்னு என்னைத் தள்ளிட்டு வர்றானே."

ஒரு வருஷம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அண்ணன் பாதம் தம்பி தோளில் ஏறியது. அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை மறுபடி அதே பட்டாளம், அதே பேரம், ஒரே ஒரு கோலுக்கு. முதல் எத்திலேயே போட்டான். போட்டவன் நிற்கவில்லை, திடலை விட்டு நேரே சுரங்க வாய்க்கு நடந்துவிட்டானாம். பின்னால் பத்துப் பேர் "கோட்டி, கோட்டி" என்று கூப்பிடக் கூப்பிட. மூணு மணி அடித்தது. கூண்டு மேலே வந்தது. துரையின் நாயைத் தடவிக்கொடுத்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தானாம் இருசப்பன்.

சுரங்கம் மூடி வெகுகாலம் ஆச்சு. திடல் இருக்கிறது, ஒத்தைமணித் திடல் என்றுதான் பேர். வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். எந்த ஆட்டமானாலும் நடுவில் யாராவது ஒருத்தர் எழுந்து போய் ஒரு தரம் தட்டுவார். ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். வெளியூர்க்காரன் தெரியாமல் அப்போது கோல் போட்டால் கணக்கில் எழுத மாட்டார்கள், சண்டைக்கு வந்தாலும் எழுத மாட்டார்கள். பந்து மட்டும் தன் பாட்டுக்குப் பனிக்குள் உருண்டு போகும், மூணு தரம் தட்டுகிற வரைக்கும்.