மருந்தில்லாத தட்டு மின்னிய மாயம்

மாலையும் மலர்ச்சியுமாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! பார்வை மங்கினாலும் பேச்சு மங்காத ம்பராரா நகர விழித்திரை நோயாளர் சங்கத்துப் பெரியோர்களே! பிள்ளைகளின் கண்ணுக்காக ஆலயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து செருப்புத் தேய்ந்த தாய்மார்களே! இங்கு வந்தும் மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் முன்வரிசை உறவுகளே! கெமிரெம்பேயின் வணக்கம்.

என் கண் என்ன கண்? குழாய்க்குள் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரிகிற கண்! அந்தக் குழாயும் ஆண்டுக்காண்டு குறுகுகிறது. விழித்திரைச் செல்லில் ஒரு மரபணு பழுதாம். நம் பேராசிரியர் கருஹாங்கா என் தோலைக் கிள்ளி எடுத்து, அதையே விழித்திரைச் செல்லாக வளர்த்தார். அதில் நல்ல மரபணுவைப் புகுத்தினார். அது அளவு மீறி வேலை செய்தால் செல்லே கெடுமாம். ஆகவே பூட்டும் போட்டார். டாக்சிசைக்ளின் மருந்துதான் சாவி. மருந்து பட்டால் மரபணு விழிக்கும், அதற்கு அடையாளமாகச் செல் வளரும் தட்டு பச்சையாய் மின்னும். படாவிட்டால் இருட்டு. இது நிரூபணமானால் முதல் ஊசி என் கண்ணுக்கு!

செல்லுக்குத் தீனி வேண்டாமா? கன்றின் இரத்தத்திலிருந்து பிரித்த நீர்தான் தீனி. வெளிநாட்டிலிருந்து சீசா வந்தது. பேராசிரியருக்குப் பொறுக்குமா? "நம்ம நீளக்கொம்பு மாடு இருக்கறப்போ எவன் மாட்டு ரத்தமோ எதுக்கு? என் கன்னுக்குட்டி பிஹோகோகிட்டயே எடுங்கப்பா!" என்றார். ஐயா, அதற்குள் கைதட்டாதீர்கள், பொறுங்கள்!

அமைச்சர் வந்தார். ஆரவாரம் வந்தது. அனுமதிக் கையெழுத்துக்குப் பேனாவும் வந்தது. திரையில் இரண்டு தட்டுகள். எல்லோரும் மருந்திட்ட தட்டைப் பார்த்து "பச்சை! பச்சை!" என்று குதித்தார்கள். என் குழாய்க் கண்ணோ மற்றதில் போய் நின்றது. பேராசிரியரின் கையைத் தொட்டேன்.

"ஐயா, மருந்து போடாத தட்டும் மின்னுதே?"

"அம்மா தாயே, சும்மா இருங்க! கையெழுத்து ஆகட்டும். முதல் ஊசி உங்களுக்குத்தானே?"

ஆசை எனக்கில்லையா? அழுகை வரவில்லையா? ஆனால் சாவியே இல்லாமல் திறக்கிற பூட்டை நம்பிக் கண்ணைக் கொடுப்பதா? நாளை உங்கள் பிள்ளையின் கண்ணையும் கொடுப்பதா? உரக்கக் கேட்டுவிட்டேன்.

அமைச்சர் மலர்ந்தார். "மருந்தே இல்லாம மின்னுதா? பலே! மருந்துச் செலவு மிச்சம்!" அதிகாரிகள் கைதட்டினார்கள். பேராசிரியர் மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "ஐயோ, ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி பிஹோகோ லேசா இருமுச்சு... மனசு கேக்கல, டெட்ராசைக்ளின் ஊசி போட்டுட்டேன்!"

அதுவும் டாக்சிசைக்ளினும் ஒரே குடும்பம்! சாவி கன்றின் இரத்தத்திலேயே வந்துவிட்டது. சிரிக்கிறீர்களா? நம்மில் யார் போடாதிருப்போம்? மனைவி இருமினால் வெந்நீர், மாடு இருமினால் ஊசி!

பேனா மூடப்பட்டது. மாதங்கள் ஓடின. வெளிநாட்டுச் சீசாவே திரும்பி வந்தது. மீண்டும் இரண்டு தட்டுகள். மருந்திட்டது மின்னியது. மற்றது? இருட்டு! கும்மிருட்டு! இருட்டுக்குப் பயந்தே வாழ்கிறவள் நான். அந்த இருட்டைக் கண்டு எழுந்து நின்று கைதட்டினேன்!

இதற்குள் குழாய் இன்னும் குறுகிவிட்டது. தலைவரின் முகம் தெரிகிறது. கழுத்து மாலை தெரியவில்லை. கையெழுத்தும் ஆயிற்று, அடுத்த மாதம் எனக்கு முதல் ஊசி. மாலை தெரிந்தால் இங்கேயே சொல்வேன். தெரியாவிட்டால் அதையும் இங்கேயே சொல்வேன். பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், இருமல் நீங்கிய பிஹோகோவுக்கும் நன்றி, வணக்கம்!