சம்மட்டிக்குக் கீழே மணல்

டிரைவர், கண்டக்டர், கீரைக் கூடையோடு ஒரு அம்மா, என் முன் சீட்டில் ஒரு கொத்தனார், அவர் பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி, அவர்களுக்குப் பின்னால் நான். தொண்ணூற்றொன்றில் ஒரு காலை, குன்றத்தூரிலிருந்து ஒரகடம் போகிற பஸ். அந்தத் தம்பி பேக்டரியில் பிட்டர். இரும்பை அடிக்கும் பெரிய சம்மட்டி மெஷின் அன்றுதான் முதன்முதலாக ஓடப் போகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"நீ இன்னிக்கி லீவு போடு," என்றார் கொத்தனார்.

"இன்னா மாமா, வெளாடுறியா?"

"அதுக்குக் கீழ மணல் நெரப்பினது நான். அரையடிக்கு ஒருதரம் தண்ணி வுட்டு இடிக்கணும். அவசரப்படுத்தினாங்கன்னு நாலடியும் ஒரேடியா கொட்டி, மேல மட்டும் இடிச்சிட்டேன்."

"காங்கிரீட் போடறதுக்கு முன்ன நான் ஏறி நின்னு பாத்தேனே. கல்லு மாதிரி இருந்துச்சு."

"மேலதான் கல்லு. கம்பி குத்திப் பாத்தேன், அரையடி தாண்டினா தானா உள்ள போவுது. சம்மட்டி வுழ வுழ அடிமணல் நெருங்கி எறங்கும். எந்தப் பக்கம் எறங்குதோ அந்தப் பக்கம் மெஷின் சாயும்."

"நீ கட்டின எங்க வூட்டுச் சுவரே இன்னும் சாயல, போ மாமா."

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"சூப்பர்வைசர்கிட்ட சொன்னியா?"

"சொன்னா அப்புறம் அங்க எனக்கு வேலை ஏது?"

வடக்குப்பட்டில் பஸ் நின்றது. "மாமா, உன் ஸ்டாப்பு," என்றான் தம்பி. அவர் எழுந்திருக்கவில்லை. பஸ் கிளம்பியது.

"நானும் வரேன். சூப்பர்வைசரைப் பாக்கணும். அது பக்கத்துல எத்தினி பேர் நிப்பீங்க?"

தம்பி விரல் விட்டு எண்ணினான்.

"என்னோட சேத்து ஒம்போது."